“அப்போ நீ ஏண்ணா பாடுன?”

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 25 வயசு, ஸ்கூல்ல இருந்தே மான்செஸ்டர் யுனைடெட் வெறியன். பெரிய மேட்ச்னா எங்க சப்போர்ட்டர்ஸ் குரூப்போட சேர்ந்து ஸ்கிரீனிங்லதான் பாப்பேன், நாப்பது அம்பது பேர் வருவோம். போன தடவை லிவர்பூல் மேட்ச், அதே ஹால்ல லிவர்பூல் ஆளுங்களும் இருந்தாங்க. பாதி மேட்ச்ல நம்ம பசங்க ஹில்ஸ்பரோ ஸ்டேடியம் நெரிசல்ல செத்த லிவர்பூல் ரசிகர்களைக் கேலி பண்ற பாட்டை ஆரம்பிச்சாங்க, நானும் சேர்ந்து பாடிட்டேன். பதிலுக்கு அவங்க ரெண்டு கையையும் விரிச்சு பிளேன் மாதிரி ஆட்டினாங்க, அது ம்யூனிக்ல நடந்த யுனைடெட் டீமோட பிளேன் விபத்தைக் கேலி பண்றது. அன்னைக்குத்தான் முதல் தடவையா என் தம்பியைக் கூட்டிட்டுப் போயிருந்தேன், 16 வயசு. திரும்பி வரும்போது “அந்தப் பாட்டுல 97னு வருதே, அது என்னண்ணா”ன்னு கேட்டான், ஹில்ஸ்பரோல செத்தவங்க எண்ணிக்கைன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம வந்துட்டு “அப்போ நீ ஏண்ணா பாடுன?”ன்னான். எனக்கு பதில் வரல. குரூப் அட்மின்கிட்ட பேசினா “இதெல்லாம் பேன்ட்டர்டா, சும்மா கிண்டல், அவனுங்க பாடுறானுங்க, நாம பாடுறோம், உனக்குத் தாங்கலன்னா வீட்ல உக்காந்து பாரு”ங்கிறார். நான்தான் ஓவரா ஃபீல் பண்றேனா? எதிர் டீமைக் கலாய்க்கவே கூடாதுன்னா அப்புறம் ஃபுட்பால்ல என்ன இருக்கு? குரூப்பை விட்டு வந்துடணுமா?

பதில்: தம்பி, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். நீங்க ஓவரா ஃபீல் பண்ணல, இதை முதல்லயே சொல்லிடுறேன், மத்ததெல்லாம் அப்புறம்.

நான் ஒரு கவுன்சிலர், காலேஜ் பசங்களோட உக்காந்து பேசுறதுதான் பதினெட்டு வருஷமா என் வேலை, ராத்திரி கண்ணு முழிச்சு மேட்ச் பாக்குறவளும்தான், அதனால “விளையாட்டுல எதுக்கு இந்தக் கத்தல், கைதட்டிட்டு வீட்டுக்குப் போங்க”ன்னு நான் சொல்லப் போறதில்ல. கலாய்க்கிறதுல இருக்கிற சந்தோஷம் எனக்குத் தெரியும். உங்க பாட்டைக் கேட்டு எதிர்ல இருக்கிறவனுக்கு எரிச்சல் வரணும், திருப்பிப் பாட அவன் ஒரு வரி யோசிக்கணும், அது இல்லன்னா அது என்ன ரைவல்ரி. அதனால “யாருக்காவது மனசு புண்படுதா”ங்கிறதை மட்டும் வெச்சு அளந்தீங்கன்னா எங்கயும் போய்ச் சேர மாட்டீங்க, ஏன்னா நல்ல பாட்டு எல்லாமே யாரையாவது குத்தத்தான் செய்யும். நான் வேற ஒண்ணு கேப்பேன். அந்தப் பாட்டு யாரைக் குத்துது, குத்து வாங்குறவர் இந்த ஆட்டத்துக்குள்ள இருக்காரா?

லிவர்பூல் கேப்டனா இருந்த ஸ்டீவன் ஜெரார்டையே எடுத்துக்கோங்க. 2014 ஏப்ரல் 27, லிவர்பூலோட சொந்த ஸ்டேடியமான ஆன்ஃபீல்டுல செல்சி மேட்ச், லீக் டைட்டில் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு, ஜெரார்டு கால் வழுக்கி விழுறார், செல்சி ஆளு டெம்பா பா பந்தை எடுத்துட்டு ஓடிப்போய் கோல் போடுறார், கடைசில டைட்டில் மான்செஸ்டர் சிட்டிக்குப் போயிடுச்சு. அந்த வழுக்கலை இன்னைக்கு வரைக்கும் பாடுறாங்க, பாடட்டும், நீங்களும் தொண்டை கிழியப் பாடுங்க. அவர் கேப்டன், இறங்கி ஆடினவர், வழுக்கினது ஆட்டத்துக்குள்ள. அதே ஜெரார்டோட கசின் ஒரு பையன், 10 வயசு, ஹில்ஸ்பரோவுக்கு மேட்ச் பாக்கப் போனான், திரும்பி வரல. அங்க செத்தவங்கள்ல அவன்தான் எல்லாரையும் விடச் சின்னவன், அப்போ ஜெரார்டுக்கு 8 வயசு. ரெண்டுமே ஒரே மனுஷனுக்கு வலிக்கிற விஷயம்தான், ஆனா அந்தப் பையன் எந்த ஆட்டத்துலயும் யாருக்கு எதிராவும் இறங்கல, டிக்கெட் வாங்கிட்டு வேடிக்கை பாக்க வந்தான். நீங்க ஸ்கிரீனிங்குக்கு வந்த மாதிரி, உங்க தம்பி வந்த மாதிரி.

தம்பிகிட்ட நீங்க எவ்வளவு சொன்னீங்களோ தெரியல, நான் கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா இதைப் பாடுற நிறைய பேருக்கு அந்த நம்பர் மட்டும்தான் தெரியுது. 1989 ஏப்ரல் 15, எஃப்ஏ கப் செமிஃபைனல், லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும், ஷெஃபீல்டுல இருக்கிற ஹில்ஸ்பரோ ஸ்டேடியம். வெளிய நெரிசல் தாங்கலன்னு போலீஸ் ஒரு எக்ஸிட் கேட்டைத் திறந்து விட்டாங்க, உள்ள வந்த கூட்டம் நேரா இருந்த சுரங்கப்பாதை வழியா, ஏற்கனவே ஆள் நிரம்பி மூச்சு முட்டிட்டு இருந்த நடு அடைப்புகளுக்குள்ளயே போய் விழுந்தது, அந்தப் பாதையை மூடி ஓரத்துக்குத் திருப்பி விட அங்க யாரும் நிக்கல. முன்னாடி இரும்பு வேலி. பின்னாடி இருந்து வர்றவனுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு தெரியாது. 3 மணிக்கு ஆரம்பிச்ச மேட்ச்சை 3.06-க்கு நிறுத்தினாங்க. ரசிகர்களே விளம்பரப் பலகைங்களைப் பிடுங்கி, அதையே ஸ்ட்ரெச்சர் ஆக்கி ஆளுங்களைப் படுக்க வெச்சு தூக்கிட்டு ஓடினாங்க. 97 பேர்ல கடைசி ஆள் அன்னைக்கு பட்ட காயத்தோடயே 32 வருஷம் வாழ்ந்து 2021-லதான் போனார்.

இதுக்கு மேலயும் ஒண்ணு நடந்தது. குடிச்சிட்டு வந்த ரசிகர்களாலதான் இது நடந்துச்சுன்னு போலீஸ் பழியைத் திருப்பி விட்டாங்க, ஒரு பேப்பர் அதை உண்மைன்னு தலைப்பு போட்டே முதல் பக்கத்துல அடிச்சது. ரசிகர்கள் மேல தப்பே இல்ல, அவங்க சட்டவிரோதமா கொல்லப்பட்டாங்கன்னு விசாரணைல ஜூரி சொன்னது 2016-ல, 27 வருஷம் கழிச்சு. அதைக் காதால கேக்காமலே போய்ச் சேர்ந்த அம்மா அப்பாங்க உண்டு. இப்போ உங்க குரூப் பாடுற பாட்டு என்ன சொல்லுதுன்னு யோசிச்சுப் பாருங்க, செத்தவங்களைக் கிண்டல் பண்றதோட நிக்கல, அந்தப் பழைய பொய்யைத்தான் மெட்டுப் போட்டு திரும்பச் சொல்லுது.

“அவனுங்க ம்யூனிக் பாடுறானுங்களே”ன்னு உங்க அட்மின் சொல்றாரு. சரி, ம்யூனிக்கையும் பாத்துடுவோம். 1958 பிப்ரவரி 6, பெல்கிரேடுல ஐரோப்பியக் கோப்பை மேட்ச் முடிச்சிட்டு யுனைடெட் டீம் திரும்புது, எரிபொருள் போட ம்யூனிக்ல இறங்குறாங்க, ரன்வேல சேறும் பனியுமா இருக்கு, ரெண்டு தடவை கிளம்பப் பாத்து முடியல, மூணாவது தடவைதான் பிளேன் மேல எழும்பாம மோதி நொறுங்குச்சு. 23 பேர் இறந்தாங்க, அதுல 8 பேர் பிளேயர்ஸ். டங்கன் எட்வர்ட்ஸுக்கு 21 வயசு, 15 நாள் ஆஸ்பத்திரில போராடிட்டு போனார். இது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். அதே பிளேன்ல பத்திரிகைக்காரரா ஃபிராங்க் ஸ்விஃப்டும் வந்தார்ங்கிறது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் மான்செஸ்டர் சிட்டியோட பழைய கோல்கீப்பர், அவங்க கொண்டாடின ஆளு. அவரும் ம்யூனிக்ல இறந்துட்டார். சிட்டி காரன் ஒருத்தன் கையை விரிச்சு பிளேன் ஆட்டினா அவன் கேலி பண்றது அவன் கீப்பரையும் சேர்த்துதான். அந்த விபத்துல சாவு வரைக்கும் போயிட்டு வந்த மேட் பஸ்பி, உங்க கிளப்போட தெய்வம், அவர் யுனைடெட்டுக்கு மேனேஜரா வர்றதுக்கு முன்னாடி ஆடினது எங்க? சிட்டில ஆடினார், அப்புறம் லிவர்பூல்ல ஆடினார், லிவர்பூலுக்கு கேப்டனாவும் இருந்திருக்கார். லிவர்பூல் ஆளுங்க கையை விரிக்கும்போது அவங்க கேப்டனாத்தான் அவர் அந்தப் பனில கிடக்கிறார். உன் ஆளு என் ஆளுன்னு பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கு தம்பி இது, பிரிச்சுப் பாக்கறதுக்கு ஒண்ணும் தெரியாம இருந்தாத்தான் முடியும்.

இன்னொண்ணு, பதிலுக்குப் பதில்ங்கிறது இங்க கணக்கே சேராது. ஒருத்தன் உங்களை அடிச்சான், நீங்க அவனைத் திருப்பி அடிச்சீங்க, அது தப்போ சரியோ, அடி அவனுக்கு விழுந்தது. அவன் ம்யூனிக் பாடினான்னு நீங்க ஹில்ஸ்பரோ பாடினா அடி அவனுக்கு விழவே இல்ல, அவன் நல்லாத்தான் நிக்கிறான், பதில் வாங்கிட்டோம்னு குஷியாகூட இருப்பான், அடுத்த வரியைத் தொடங்க நீங்களே எடுத்துக் கொடுத்தீங்க. அடி விழறது டீவி முன்னாடி உக்காந்திருக்கிற, பையனைப் பறிகொடுத்த ஏதோ ஒரு அம்மாவுக்கு. “இங்க ஹால்ல பாடினா அங்க கேக்கவா போகுது”ன்னு உங்களுக்குத் தோணலாம். கேக்காதுதான். ஆனா உங்க தம்பி காதுல கேட்டுச்சே. அந்தச் சாவுகள் கிண்டல் பண்ற சாமான்தான்னு அன்னைக்கு ராத்திரி அவனுக்குக் கத்துக் கொடுத்தது அந்த ஹால்.

இனிமே அவனோட கேள்வி. நீ ஏன் பாடுன.

இதுக்கு “கூட்டத்துல புத்தி மழுங்கிடும்”னு சொல்றது ரொம்ப ஈசியான பதில், நான் அதை நம்பல. கூட்டத்துல புத்தி போறதில்ல, நான் யாருங்கிறது மாறுது, தனியா இருக்கிற நீங்க போயி “நாங்க”ங்கிற ஒண்ணு வருது, அந்த “நாங்க” யாரைச் சேர்த்துக்குது யாரை வெளிய தள்ளுதுங்கிறதுதான் விஷயமே. இதை உங்க கிளப் ரசிகர்களை வெச்சே இங்கிலாந்துல சோதிச்சுப் பாத்திருக்காங்க, லங்காஸ்டர் யுனிவர்சிட்டில, மார்க் லெவின்கிறவரும் அவர் கூட வேலை செஞ்சவங்களும், 2005-ல வெளியானது. யுனைடெட் ரசிகர்களா பாத்து ஸ்டூடண்ட்ஸைக் கூப்பிட்டு, உங்க கிளப்பை ஏன் பிடிக்கும்னு எழுத வெச்சு, அப்புறம் பக்கத்து பில்டிங்குக்கு நடந்து போகச் சொல்றாங்க. வழியில ஒருத்தன் ஓடி வந்து வழுக்கி விழுந்து கணுக்காலைப் பிடிச்சிட்டு வலில கத்துறான், அது ஏற்பாடு பண்ணின ஆளு. யுனைடெட் ஷர்ட் போட்டிருந்தா 13 பேர்ல 12 பேர் நின்னு உதவி பண்ணாங்க. லிவர்பூல் ஷர்ட் போட்டிருந்தா 10 பேர்ல 3 பேர்தான். சும்மா ஒரு சாதா ஷர்ட்னா 12 பேர்ல 4 பேர். இதுலயே ஒண்ணு பாருங்க, லிவர்பூல் ஷர்ட்டுக்கும் சாதா ஷர்ட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, அப்போ அது வெறுப்புகூட இல்ல, நம்மாளு இல்லன்னு கண்ணுலயே படல. அப்புறம் வேற பசங்களைக் கூப்பிட்டு அதே சோதனையைத் திரும்ப வெச்சாங்க, ஒரே ஒரு மாத்தம், “உங்க கிளப்பை ஏன் பிடிக்கும்”னு கேக்காம “ஃபுட்பால் ரசிகனா இருக்கிறதுல என்ன பிடிக்கும்”னு எழுதச் சொன்னாங்க. இந்தத் தடவை லிவர்பூல் ஷர்ட்டுக்கு 10 பேர்ல 7 பேர் நின்னாங்க, யுனைடெட் ஷர்ட்டுக்கு 10-ல 8.

அதே யுனைடெட் ரசிகர்கள்தான், அதே லிவர்பூல் ஷர்ட்தான், முன்னாடி கேட்ட கேள்வி ஒண்ணுதான் மாறுச்சு. உங்க ஹால்ல அந்தக் கேள்வியைக் கேக்கிறது யாரு? முதல் வரியை எடுத்துக் கொடுக்கிறவன். நாம யாருன்னு அவன்தான் அந்த நிமிஷத்துல முடிவு பண்றான், மீதி நாப்பது பேரும் அதுக்குள்ள போய் நிக்கிறோம். நீங்க பாடினது லிவர்பூல் மேல இருந்த வெறியால இல்ல தம்பி, பக்கத்துல நின்னவனுக்காகப் பாடினீங்க, நான் உன்கூடத்தான் இருக்கேன்டான்னு காட்டுறதுக்காக. அவனும் உங்களுக்காகத்தான் பாடியிருப்பான். எத்தனையோ பேர் இதை என் ரூம்ல வந்து சொல்லியிருக்காங்க, ஃபுட்பால் மட்டும் இல்ல, ராகிங் பண்ணினவன், கிளாஸ்ல ஒரு பொண்ணுக்குப் பட்டப்பேர் வெச்சவன், எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், மத்தவங்களுக்கெல்லாம் பிடிச்சிருந்துச்சுன்னு நினைச்சேன் மேடம். ஒவ்வொருத்தனா தனியா கேட்டா ஒருத்தனுக்கும் பிடிக்கல.

எனக்கும் இப்படி ஒண்ணு இருக்கு. காலேஜ் டேஸ்ல ஒரு ஃபைனல், எதிர் டீம் கோல்கீப்பர் பையனுக்குத் திக்குவாய், அது எப்படியோ எங்க பக்கம் தெரிஞ்சுபோச்சு. அவன் ஒவ்வொரு தடவை பந்தைத் தொடும்போதும் எங்க பக்கத்துல இருந்து அவன் பேரைத் திக்கித் திக்கி இழுத்துக் கத்துவாங்க. நான் கத்தல, தாளத்துக்குக் கைதட்டினேன். கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி பக்கத்துலயே உக்காந்திருந்ததால அவன் கை எனக்கு நல்லாத் தெரிஞ்சது, கிளவுஸ் ஸ்ட்ராப்பைப் பிரிப்பான், ஒட்டுவான், திரும்பப் பிரிப்பான், பந்து அந்தக் கோடியில இருக்கும்போதெல்லாம் இதையே பண்ணிட்டு இருந்தான். நாங்க ஜெயிச்சோம். ஸ்கோர் என்னன்னு இப்போ ஞாபகம் இல்ல, அந்த ஸ்ட்ராப் பிரியற சத்தம் ஞாபகம் இருக்கு. நான் கத்தலயேன்னு ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிட்டு இருந்தேன், கைதட்டினவளும் சேர்த்திதான்னு ஒத்துக்க வருஷங்கள் ஆச்சு.

பெரியவங்க சொல்லித் திருத்த முடியாதான்னா, கொஞ்சம் முடியும், முழுசா முடியல. 2012 செப்டம்பர்ல ஆன்ஃபீல்டுல லிவர்பூல்-யுனைடெட் மேட்ச், ஹில்ஸ்பரோ பத்தின புது அறிக்கை அப்போதான் வந்திருந்தது, அப்போ யுனைடெட் மேனேஜரா இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன் யுனைடெட் ரசிகர்களுக்கு லெட்டரே எழுதினார், பாபி சார்ல்டன், ம்யூனிக் விபத்துல பிழைச்ச யுனைடெட் பிளேயர், பூங்கொத்தைக் கொண்டுபோய் லிவர்பூலோட பழைய பிளேயர் இயன் ரஷ் கையில கொடுத்தார், ஜெரார்டும் யுனைடெட் ஆளு கிக்ஸும் சேர்ந்து 96 பலூன் பறக்க விட்டாங்க, அன்னைக்குக் கணக்கு 96. அவ்வளவும் பாத்துட்டு மேட்ச் முடிஞ்சதும் ஒரு சின்னக் கூட்டம் பாடத்தான் செஞ்சது, எதிர்ப்பக்கம் சில பேர் பிளேன் ஆட்டவும் செஞ்சாங்க. 2023 மார்ச்ல அப்போ லிவர்பூல் மேனேஜரா இருந்த க்ளாப்பும் யுனைடெட் மேனேஜரா இருந்த டென் ஹாகும் சேர்ந்தே, இதை நிறுத்துங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. அதே வருஷம் ஜூன்ல எஃப்ஏ கப் ஃபைனலுக்கு ஒருத்தர் 97 பத்தாதுங்கிற மாதிரி எழுதின ஷர்ட்டைப் போட்டுட்டு வந்தார், கைது பண்ணி, 1,000 பவுண்டு அபராதமும் 4 வருஷம் ஸ்டேடியம் பக்கமே வரக்கூடாதுன்னு தடையும் போட்டாங்க. இனவெறிக் கோஷத்தை இங்கிலாந்துல 1991-லயே சட்டம் போட்டு குத்தமாக்கிட்டாங்க. சட்டம் வேணும், ஆனா முதல் வரியை எடுக்கிறவன் காதுகிட்ட ஃபெர்குசனும் இல்ல, ஜட்ஜும் இல்ல, நீங்கதான் நிக்கிறீங்க.

தோல் நிறம், மதம், ஜாதி, ஆம்பளை ஆம்பளையை விரும்புறது, இதெல்லாம் பாட்டுல வர்றதைப் பத்தி நான் தனியா எழுதல, அது பேச்சுக்கே இடமில்ல. கஷ்டம் நடுவுல இருக்கிறதுலதான், உதாரணத்துக்கு லிவர்பூல் காரங்களைப் பாத்து உங்க ஊர்ல வேலையே இல்லன்னு பாடுறது, 1980-கள்ல அங்க துறைமுகமும் ஃபேக்டரியும் மூடி ஆயிரக்கணக்கான குடும்பம் தெருவுக்கு வந்ததுல இருந்து முளைச்ச கேலி அது. கேக்கச் சாதாரணமாத்தான் இருக்கும், எனக்குப் பிடிக்கல, இல்லாமைல யாரும் தோத்துப் போறதில்ல, அது ஸ்கோர் கார்டு இல்ல. இதுல உங்க குரூப்லயே ரெண்டு கருத்து வரும், வரட்டும், உக்காந்து பேசுங்க.

குரூப்பை விடணுமான்னா, இப்போ வேணாம். நீங்க வெளிய போனா அங்க இருக்கிற தயக்கம் ஒண்ணு குறையும், பாட்டு அப்படியே இருக்கும். மேட்ச் நடுவுல, பாட்டு ஓடும்போது எழுந்து நின்னு நிறுத்துடான்னு சொல்லாதீங்க, அந்த நிமிஷத்துல அவன் உங்ககிட்ட தோக்க மாட்டான், இன்னும் சத்தமாத்தான் பாடுவான். மேட்ச் இல்லாத நாள்ல, தனியா, ஒவ்வொருத்தரா பேசுங்க. அன்னைக்கு வாயை அசைச்சிட்டு சத்தம் வராம நின்னவங்க ரெண்டு மூணு பேர் கண்டிப்பா உங்களுக்குத் தெரியும், அவங்ககிட்ட இருந்து ஆரம்பிங்க, “எனக்கு அது பிடிக்கல, உனக்கு?” அவ்வளவு போதும். நாலு பேர் சேர்ந்தீங்கன்னா அடுத்த தடவை அந்த முதல் வரி விழுந்ததும் நீங்க வேற பாட்டை எடுங்க, டிரம்ஸ் அடிக்கிறவர் உங்க பக்கம் வந்துட்டார்னா பாதி வேலை முடிஞ்சது, சார்ல்டன் பாட்டு, பஸ்பி பாட்டு, ஜெரார்டு வழுக்கின பாட்டு, உங்ககிட்ட சரக்கா இல்ல.

அட்மின்கிட்ட மறுபடியும் போங்க, ஆனா போன தடவை மாதிரி “இது தப்பு”ன்னு போகாதீங்க, அவருக்கு அது தீர்ப்பு மாதிரி கேட்டிருக்கும். ஃபிராங்க் ஸ்விஃப்ட் கதையைச் சொல்லுங்க, பஸ்பி லிவர்பூல் கேப்டனா இருந்ததைச் சொல்லுங்க, கிளப் மேல உயிரையே வெச்சிருக்கிற ஆளுன்னா அவருக்கு இது உறைக்கும். தம்பி கேட்டதையும் அப்படியே சொல்லுங்க. அதுக்கும் அசையலன்னா, புதுசா வர்ற சின்னப் பசங்களுக்கும் இதே பாட்டைத்தான் முதல் பாடமா சொல்லிக் கொடுக்கிறாங்கன்னா, அப்போ அந்த நாலு பேரோட வேற இடத்துல உக்காந்து பாருங்க, அந்த நாள் வந்தா தயங்காதீங்க.

தம்பிக்கு மட்டும் நாள் கடத்தாதீங்க, இன்னைக்கு ராத்திரியே சொல்லிடுங்க. கூட்டம், பேன்ட்டர், சூழ்நிலைன்னு ஒண்ணும் சேர்க்க வேணாம். “எல்லாரும் பாடினாங்க, தனியா நிக்கப் பயமா இருந்துச்சு, பாடிட்டேன், அது தப்புடா” இதை மட்டும் சொல்லுங்க, சொல்லிட்டு அவன் என்ன சொல்றான்னு கேளுங்க. அடுத்த லிவர்பூல் மேட்ச்சுக்கு வர்றியான்னும் அவன்கிட்டயே கேட்டுடுங்க.